முன்கியரில் நழுவிய காரும் கல்லாகிப்போன ஒரு சீலும்

20 ஆண்டுகளைக் கடந்த எனது நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கார், காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குத் திரும்பும்போதெல்லாம், எஞ்சின் உறுமியும் வேகமெடுக்காமல் தவித்தது. ரிவர்ஸில் மட்டும் எந்தத் தயக்கமும் இல்லை. கியர்பெட்டியையே மாற்றிவிடச் சொன்ன பணிமனைக்காரரின் யோசனையை நான் ஏற்கவில்லை; எல்லா கியர்களுக்கும் பொதுவான எண்ணெய் பம்ப்போ, எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரோ பழுதாகியிருந்தால் ரிவர்ஸும் சேர்ந்தே நழுவியிருக்கும் என்பது என் கணிப்பு.

சிவப்பாக இருக்க வேண்டிய கியர்பெட்டி எண்ணெய் கருத்து, தீய்ந்த வாடை வீசியது. பெட்டியை இறக்கி, பழைய தார்ப்பாயை விரித்துப் பிரித்தேன் (ஆத்தங்குடிக் கல்லில் கறை பட்டால் அப்பத்தாவிடம் ஏச்சு வாங்க வேண்டும்). முன்கியர்களுக்கான கிளட்சில், எண்ணெய் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளித் தட்டுகளை இறுக்கும். அதன் எண்ணெய்த் துளையில் காற்றழுத்தம் செலுத்தியபோது, பிஸ்டன் 'டப்'பென்று நகர்வதற்குப் பதிலாகச் சீறல் மட்டுமே கேட்டது. பிஸ்டனின் ரப்பர் சீல் காய்ந்து கல்லாகியிருந்தது. அழுத்தம் அதன் வழியே கசிந்ததால், தட்டுகள் முழுமையாக இறுகாமல் ஒன்றோடொன்று உராய்ந்து கருகியிருந்தன.

சீல்களையும் உராய்வுத் தட்டுகளையும் சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கி, தட்டுகளை ஓரிரவு புது எண்ணெயில் ஊறவைத்து, அவற்றின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகளால்) அளந்து, கையேட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பூட்டினேன். எண்ணெயை அந்தந்த கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியைக் கழுவினேன். அதைவிட முக்கியம், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரின் குழாய்களைக் கழுவுவது; பலரும் இதை மறந்துவிடுவார்கள்; அங்கே தங்கிய துகள்கள் புதுத் தட்டுகளையும் கெடுத்துவிடும். டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கும் துகள்களை முழுதாக எடுக்க இயலாததால், புதுப்பித்த ஒன்றை மாற்றினேன். செலவு உறுத்தத்தான் செய்தது.

எண்ணெய் அளவை, கையேடு சொன்னபடி, எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன். இப்போது 'டி'யில் (முன்னோக்கி ஓட்டும் நிலையில்) போட்டவுடன் கார் இழுக்கிறது.