வளர்ற பிள்ளையிடம் 'அந்த விஷயத்தை' எப்படிப் பேசுவது

பத்து வயசு தாண்டிய பிள்ளையிடம் உடலைப் பற்றியும் பாலுறவைப் பற்றியும் யாராவது ஒருவர் பேசத்தான் போகிறார். அது நீங்களாக இருக்கலாம், டியூஷனில் பக்கத்தில் உட்காரும் பையனாக இருக்கலாம், போனில் அடுத்தடுத்து தானாக ஓடும் வீடியோவாகவும் இருக்கலாம். "இப்பவே சொன்னா கெட்டுப்போயிடும்" என்று தள்ளிப்போடும் வீடுகளில் பெரும்பாலும் போன் முந்திக்கொள்கிறது. சொல்லிக்கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. அதனால் அந்தப் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரில் உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் திட்டம் வேண்டாம். "இங்க வா, உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றாலே, ஏதோ மாட்டிக்கொண்டோம் என்று பிள்ளையின் காது அடைத்துவிடும். பைக்கில் போகும்போது, துணி மடிக்கும்போது, பூண்டு உரிக்கும்போது, அதாவது இரண்டு பேரும் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் இரண்டு நிமிஷம் பேசுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். டிவியில் நாப்கின் விளம்பரம் வந்தால் ரிமோட்டைத் தேடாதீர்கள். அதுவே நல்ல ஆரம்பம்.

உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிப் பழக்குங்கள். ஆணுறுப்பு, விதைப்பை, பெண்ணுறுப்பு, மார்பு. 'அங்க', 'கீழ' என்று மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு நாளைக்கு வலியோ அரிப்போ வந்தாலும் டாக்டரிடம் சொல்ல வாய் வராது, யாராவது கை வைத்தாலும் அம்மாவிடம் சொல்ல வாய் வராது.

பருவ மாற்றம் பெண் பிள்ளைகளுக்கு 8-லிருந்து 13 வயசுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9-லிருந்து 14-க்குள்ளும் தொடங்கும். மாதவிடாய் வந்த பிறகு விளக்குவது காலம் தாழ்ந்த வேலை. நாலாவது, ஐந்தாவது படிக்கும்போதே பேடைக் கையில் கொடுத்து, ஜட்டியில் எப்படி ஒட்டுவது, நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, சுருட்டி எங்கே போடுவது என்று காட்டிவிடுங்கள். முதல் ஒன்றிரண்டு வருஷம் தேதி தள்ளித்தள்ளி வரும், 21 நாளிலிருந்து 45 நாள் வரை சகஜம். ஏழு நாளைத் தாண்டி ரத்தம் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பேட் நனைந்துவிட்டாலோ, 15 வயசாகியும் வரவில்லை என்றாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். தீட்டு என்று தனித்தட்டு, தனிப்பாய் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த மாதம் "உன் உடம்பை நீ மதிக்கணும்" என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்? மஞ்சள் நீராட்டு விழா வைப்பது உங்கள் வீட்டு விருப்பம். ஆனால் அவள் போட்டோவைப் போட்டு பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் கட்டுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் கட்டாதீர்கள்.

பையன்களை யாருமே கவனிப்பதில்லை. அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. தூக்கத்தில் விந்து வெளியாவது நோய் இல்லை. சுய இன்பத்தால் எலும்பு தேயாது, ஞாபக சக்தி போகாது, பின்னாளில் குழந்தை பிறக்காமலும் போகாது. இதைச் சொல்ல ஆளில்லாததால்தான் ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு 'இளமையில் செய்த தவறு' என்று பயமுறுத்துகிறவர்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது. அப்புறம், இந்த வயசில் சில பையன்களுக்கு மார்பு லேசாக வீங்கும். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாக வற்றிவிடும். அது தெரியாமல், கிளாஸில் கிண்டல் தாங்காமல் சட்டையைக் கழற்றவே மறுத்து விளையாட்டையே விட்டுவிடும் பையன்கள் உண்டு. மாதவிடாயைப் பற்றி மகனுக்கும், மகனின் மாற்றங்களைப் பற்றி மகளுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

பதினைந்து வயசை ஒட்டி கருத்தடை, ஆணுறை, பால்வினை நோய்கள் பற்றியும் மூடி மறைக்காமல் பேசிவிடலாம். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசிக்கு 9-லிருந்து 14 வயசுதான் ஏற்ற காலம், டாக்டரிடம் கேளுங்கள்.

இனி எல்லை பற்றி. நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான்: வீட்டுக்குள் செல்லுபடியாகாத 'வேண்டாம்' வெளியிலும் செல்லுபடியாகாது. "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று தள்ளிவிடுவது, பிள்ளை நெளிந்தாலும் விடாமல் கிச்சுக்கிச்சு மூட்டுவது, பன்னிரண்டு வயசுப் பெண்ணிடம் முறைப்பையனைக் காட்டி "கட்டிக்கிறியா" என்று கூடி நின்று சிரிப்பது, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவது, இவை எல்லாமே உன் விருப்பம் கணக்கில் வராது என்று பிள்ளைக்கு நடத்தும் பாடம். பிள்ளை கட்டிப்பிடிக்க விரும்பவில்லை என்றால் "அவன் கும்பிட்டுக்குவான் சித்தப்பா" என்று நீங்களே முன்னால் வந்து சொல்லிவிடுங்கள். சித்தப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடங்களில் குட் டச், பேட் டச் சொல்லித்தருகிறார்கள். சரி, சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். பதின்ம வயசுக்குப் போதாது. தொடாமலே நடக்கும் தொல்லை இருக்கிறது: ஆபாசப் படம் காட்டுவது, போட்டோ அனுப்பச் சொல்வது, இரவில் மெசேஜாக அனுப்பித் தள்ளுவது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளில், சிறுமிகள் மீதான வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான். தெரிந்தவர், பிடித்தவர், பரிசு வாங்கித் தருபவர் என்றால் அது 'பேட்' என்றே பிள்ளைக்குத் தோன்றாது. அதனால் ஒரே ஒரு விதியை மனதில் பதிய வையுங்கள்: உடம்பைப் பற்றியோ போட்டோவைப் பற்றியோ யாராவது "வீட்ல சொல்லாத" என்றால், அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் பழக்கம்தான். "எனக்கு இது பிடிக்கல", "நான் கிளம்புறேன்", "அம்மா போனை செக் பண்ணுவாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ள அனுமதி கொடுங்கள், அது நன்றாக வேலை செய்யும்.

இதற்குச் சமமாக, அடுத்தவர் சொல்லும் 'வேண்டாம்'-ஐக் கேட்கவும் தெரிய வேண்டும். துரத்திக்கொண்டே இருந்தால் ஒருநாள் மனசு மாறுவாள் என்று நம் சினிமா பல வருஷமாகப் பாடம் எடுத்திருக்கிறது. மறுத்துவிட்டால் பின்னால் போகக் கூடாது, நண்பர்களைத் தூது அனுப்பக் கூடாது, ஸ்டேட்டஸில் குத்திக்காட்டக் கூடாது என்று மகனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மகளுக்கும் இதே விதிதான். அதே சமயம் அந்த வலியைத் தாங்க உடன் இருக்க வேண்டும். "இதெல்லாம் ஒரு விஷயமா, படிக்கிற வழியைப் பாரு" என்று அடைத்துவிட்டால் அடுத்த முறை எதையும் சொல்லாது. ரெண்டு நாள் அழட்டும், சாப்பாடு குறையட்டும், பக்கத்தில் இருங்கள். அப்புறம் விளையாட, ஊருக்குப் போக, பழைய நண்பர்களோடு சுற்ற மெதுவாக இழுத்துவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, செத்துப்போகிற பேச்சு வந்தாலோ காத்திருக்கக் கூடாது. 14416-க்கு அழைத்தால் டெலி மனஸ் மனநல உதவியாளர்கள் தமிழிலேயே பேசுவார்கள், இலவசம்.

போட்டோவை வைத்து யாராவது மிரட்டுகிறார்கள் என்று பிள்ளை வந்து சொன்னால், முதலில் அடிக்காதீர்கள். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். வந்த மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், அல்லது மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். 18 வயசுக்கு உட்பட்டவர்களின் படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. அதில் படத்தை ஏற்ற வேண்டியதில்லை, போனிலேயே படத்துக்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாகி அது மட்டும் போகும்.

யாரோ தொட்டார்கள் என்று சொன்னால் "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்பதே முதல் வார்த்தையாக இருக்கட்டும். "ஏன் அப்பவே சொல்லல", "நீ எதுக்கு அங்க போன" எல்லாம் வேண்டாம். ஒரே கதையைப் பத்துப் பேர் முன்னால் சொல்ல வைக்கவும் வேண்டாம். சமீபத்தில் நடந்திருந்தால் போட்டிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முந்த முந்த நல்லது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, எஃப்ஐஆர் இல்லை என்று சிகிச்சையை மறுக்க முடியாது. 1098-ல் குழந்தைகள் உதவி மையம் எந்நேரமும் இருக்கிறது.

பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம் 18 வயசுக்கு உட்பட்ட ஆண், பெண் இரு பிள்ளைகளுக்கும் பொருந்தும். நடந்தது தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் மறைக்கும் பெரியவர்களுக்கும் தண்டனை உண்டு. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, போலீஸ் சீருடை இல்லாமல், கூடியவரை ஒரு பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. பதினாறு, பதினேழு வயசுக்காரர்களிடம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: 18-க்குள் இரண்டு பேரும் மனசொத்து நெருங்கினாலும் சட்டம் அந்தச் சம்மதத்தை ஏற்காது, வழக்கு பாயலாம். மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

பிள்ளை கேட்பதற்கெல்லாம் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. "எனக்குத் தெரியல, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் நிஜமாகவே சொல்லுங்கள். ஒருநாள் "நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி யாரையாவது லவ் பண்ணீங்களாப்பா" என்றும் கேட்கும். சொல்லப் பிடித்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் "அது என் சொந்த விஷயம், சொல்ல மாட்டேன்" என்று கோபப்படாமல் சொல்லலாம். உங்களுக்கும் எல்லை இருக்கிறது.