ரெப்ளிகா ஸ்போர்ட்ஸ் கார்: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தேர்ந்தெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெப்ளிகா கார், அதாவது புகழ்பெற்ற காரொன்றின் நகலைக் கட்டத் தொடங்குவோரில் பலர் முதலில் எஞ்சினை வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்தும் கியர்பாக்ஸையும் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் பிறகு தேடி அலைகிறார்கள். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசைப் பிழையிலிருந்தே முளைக்கின்றன. காரின் அடிச்சட்டமான சேஸிஸ் எவ்வளவு தாங்கும், கார் சாலையில் ஓடப்போகிறதா பந்தயத் தடத்திலா என்பவை முடிவான பிறகே எஞ்சினைத் தேட வேண்டும்.

ஏசி கோப்ரா ரெப்ளிகாவை எடுத்துக்கொள்வோம். 7 லிட்டர் என்ற பெயருக்காகவே ஃபோர்டின் 427 வி8 எஞ்சினை நாடுகிறார்கள் (427, 302 போன்ற எண்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிப்பவை). மூலக் கார்களிலேயே சிலவற்றில் மலிவான 428 பொருத்தப்பட்டிருந்தது என்பது வேறு கதை. வார்ப்பிரும்பாலான 427 ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ளது. சிறிய வி8 ஆன 302 ஏறத்தாழ 210 கிலோதான். ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும் காரில் இந்த வேறுபாடு முழுவதும் முன்பக்கத்தில் விழுவதால், ஸ்பிரிங், பிரேக், ஸ்டீயரிங் ஆகிய மூன்றையும் மறுபடி கணக்கிட நேரும்.

குதிரைத்திறனைப் பார்த்துக் கியர்பாக்ஸைத் தேர்வதும் தவறு. பற்களை உடைப்பது முறுக்குவிசை. மஸ்டாங் வி8 கார்களில் வந்த டி5 கியர்பாக்ஸின் தாங்குதிறன் ஏறத்தாழ 400 நியூட்டன் மீட்டர். நன்கு மெருகேற்றிய 351 எஞ்சின் இதை எளிதில் தாண்டிவிடும். முதல் கியரின் விகிதம் 3.35, டிஃபரன்ஷியலின் விகிதம் 3.55 என்றால் எஞ்சினின் முறுக்குவிசை பின் சக்கரங்களை அடைவதற்குள் ஏறத்தாழ 12 மடங்காகிறது என்பதையும் அந்தச் சக்கரங்களைச் சுழற்றும் அரை அச்சுகளைத் தேரும்போது மறக்கலாகாது.

விகிதக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பவர்கள் வியப்பளிக்கும் அளவுக்குக் குறைவு. டயரின் சுற்றளவு 2 மீட்டர், டிஃபரன்ஷியல் 3.55 என்றால், 100 கிலோமீட்டர் வேகத்தில் நேரடி கியரில் (விகிதம் 1) எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,960 முறை சுழலும், எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் 0.68 விகித ஓவர்டிரைவ் கியரில் அது சுமார் 2,010 ஆகக் குறையும். நெடும்பயணத்தில் காதைப் பிளக்கும் இரைச்சலுக்கும் அமைதிக்கும் இதுவே காரணம்.

பொருத்துவதில் வரும் தவறுகள் கண்ணுக்குத் தெரியாதவை. 302 எஞ்சினின் அதிர்வைச் சமன்செய்ய ஃப்ளைவீல் போன்ற வெளிப் பாகங்களில் வைக்கப்படும் சமன் எடை 1980-களின் தொடக்கத்தில் 28 அவுன்ஸ் அங்குலத்திலிருந்து 50 ஆக மாறியது. பழைய ஃப்ளைவீலைப் புதிய கிராங்க் ஷாஃப்டில் (எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டு) பூட்டினால் எந்தச் சரிசெய்தலுக்கும் அடங்காத அதிர்வு வரும். கோப்ரா போன்ற கார்களில் கியர்பாக்ஸை டிஃபரன்ஷியலோடு இணைக்கும் புரப்பெல்லர் ஷாஃப்ட் மிகக் குட்டையாக இருப்பதால், எஞ்சின் சில மில்லிமீட்டர் உயர்ந்தாலும் இணைப்புகளின் கோணம் கூடிவிடும். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப் சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா, எக்ஸாஸ்ட் ஸ்டீயரிங் தண்டைத் தொடுகிறதா என்பதையும் வாங்கும் முன்பே அளந்துவிட வேண்டும்.

போர்ஷே 550 போன்ற நடு எஞ்சின் வடிவங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. பின் எஞ்சின் காரான ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் டிரான்ஸ்ஆக்ஸிலை (கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒன்றான தொகுதி) முன்பின்னாகத் திருப்பி வைக்கும்போது, உள்ளே டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலையும் மறுபக்கத்துக்கு மாற்றாவிட்டால், கார் ஒரே கியரில் முன்னோக்கியும் நான்கு கியர்களில் பின்னோக்கியும் ஓடும்.

நவீன எஞ்சின் வாங்குபவர்கள் அதைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, முழு வயரிங், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவி ஆகியவற்றையும் ஒரே காரிலிருந்து சேர்த்தே வாங்க வேண்டும். சில நாடுகளில் எஞ்சின் தயாரிக்கப்பட்ட ஆண்டைப் பொறுத்தே புகைச் சோதனையின் வரம்பு அமைவதால், அந்த ஆண்டை நிறுவும் ஆவணத்தையும் விற்பவரிடம் அப்போதே பெற்றுக்கொள்ள வேண்டும்.