கர்ப்பப்பை வாய் புற்றுநோய்ப் பரிசோதனை: முதல்முறை போகிறவர்களுக்கு

கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய் ஒரே நாளில் முளைப்பதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்ற வேண்டும், அது உடம்பை விட்டுப் போகாமல் தங்க வேண்டும், அந்த இடத்துச் செல்கள் மெல்ல மெல்ல மாற வேண்டும். இதெல்லாம் நடந்து புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 வருடம் ஆகிறது. அத்தனை வருடத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டால்கூட நிறைய உயிர்களைக் காப்பாற்றலாம். அப்படியும் இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 80,000 பெண்கள் இந்த நோயால் இறந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. எனக்கு இது தாங்கவில்லை. அதனால்தான் இதை முதல் படியிலிருந்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் “எனக்கு என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்பதுதான் வழக்கமான பதில். நல்லா இருக்கும்போது செய்யத்தான் இந்தப் பரிசோதனையே. புற்றாக மாறுவதற்கு முந்தைய கட்டத்தில் வலி, ரத்தம் எதுவும் இருக்காது.

படி 1: உங்களுக்கு இது வேண்டுமா?

திருமணமாகி, 30 வயது தாண்டியிருந்தால் வேண்டும். இந்திய அரசின் வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரை என்கிறது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு நோய் வேகமாக முற்றும் என்பதால் 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உடலுறவே இல்லாதவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரம் இல்லையென்றால் பிரசவமாகி மூன்று மாதம் கழித்துச் செய்துகொள்ளலாம்.

“கர்ப்பப்பையை எடுத்தாச்சு, எனக்கு எதுக்கு?” என்று கேட்கும் அக்காக்கள் நம் ஊரில் ஏராளம். அந்த ஆபரேஷனில் கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். வாயை விட்டுவைத்திருந்தால் பரிசோதனை தேவைதான். முழுதும் எடுத்திருந்தாலும், எதற்காக எடுத்தார்கள் என்பது முக்கியம். புற்றோ அதற்கு முந்தைய மாற்றமோ காரணமாக இருந்தால் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இவற்றில் ஏதாவது இருந்தால் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரே பெண்கள் மருத்துவரிடம் போங்கள்.

படி 2: மூன்று பரிசோதனை, எது உங்களுக்கு?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் செய்வது வி.ஐ.ஏ. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்ப்பது. அங்கேயே அப்போதே முடிவு தெரிந்துவிடும். செலவு கிடையாது.

பாப் ஸ்மியர் என்பது செல்களைச் சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்புவது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும்.

எச்.பி.வி. பரிசோதனை வைரஸையே தேடுகிறது. மூன்றில் நம்பகமானது இதுதான். முடிவு நெகட்டிவ் என்றால் ஐந்து வருடத்துக்குக் கவலை வேண்டாம். சில இடங்களில் நீங்களே குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், யாரும் பார்க்க வேண்டியதில்லை. வசதியும் வாய்ப்பும் இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

ஆனால் இது கிடைக்கவில்லை என்பதற்காக வி.ஐ.ஏ.வை மட்டமாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-இலிருந்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. செய்தார்கள். மாற்றம் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்தது. பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டால் அந்த ஊர்களில் இந்தப் புற்றால் ஏற்பட்ட சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த இந்த முடிவை உலகமே எடுத்துப் பேசியது. நம்ம ஊர்ப் பெண்கள், நம்ம ஊர் நர்ஸுகள்.

மாதவிடாய் நின்று வருடங்கள் ஆனவர்களுக்கு மட்டும் வி.ஐ.ஏ. அவ்வளவு பொருந்தாது. பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் மற்ற இரண்டில் ஒன்றைக் கேட்கலாம்.

படி 3: நாள் பார்ப்பது

மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். தொடங்கிய நாளிலிருந்து 10 முதல் 20 நாளுக்குள் வசதி. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம். உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவவும் கூடாது. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, சாப்பிட்டே போங்கள். புடவையோ பாவாடையோ நைட்டியோ கட்டிப் போனால் முழுதும் கழற்றாமல் தூக்கிக்கொண்டால் போதும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ் எங்கே என்று கேளுங்கள். பிரஷர், சுகர் பார்க்கும் அதே இடம்தான்.

படி 4: உள்ளே என்ன நடக்கும்

பலரைத் தடுப்பது இந்த இடம்தான், அதனால் விலாவாரியாகவே சொல்கிறேன்.

போனதும் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். திரை போட்ட மேஜையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக் கால்களை அகட்ட வேண்டும். இடுப்பை மேஜை விளிம்புவரை நகர்த்தச் சொல்வார்கள். வயிற்றுக்கு மேலே துணி இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஆண் மருத்துவர் என்றால் உடன் ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து மெல்ல விரிப்பார்கள். உலோகமாக இருந்தால் சில்லென்று இருக்கும். அழுத்தம் தெரியும், கூர்மையான வலி இருக்கக் கூடாது. மூச்சை இழுத்துப் பிடித்தால் அடிவயிறு இறுகி, அசௌகரியம் கூடும். வாயைத் திறந்து மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே பிட்டத்தை மேஜையில் தளர்த்திப் போடுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். வலித்தால் “நிறுத்துங்க சிஸ்டர்” என்று சொல்லுங்கள். நிறுத்துவார்கள். சின்ன அளவு ஸ்பெகுலமும் உண்டு, அதைக் கேட்கலாம்.

வி.ஐ.ஏ. என்றால் பஞ்சை அமிலத்தில் நனைத்து வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். லேசான எரிச்சல் தெரியலாம். மாறிய செல்கள் இருக்கும் இடம் திட்டாக வெளுத்துவிடும், மற்ற இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். சில இடங்களில் அடுத்து அயோடின் தடவுவார்கள். நல்ல பகுதி கரும்பழுப்பாகும், சந்தேகமான இடம் மஞ்சளாக நிற்கும். அந்த அயோடின் ஒன்றிரண்டு நாள் உள்ளாடையில் படும், ஒரு பேட் எடுத்துப் போங்கள். பாப் ஸ்மியர், எச்.பி.வி. என்றால் சின்ன பிரஷ்ஷைச் சுழற்றி எடுப்பதோடு சரி. எல்லாம் ஐந்து, பத்து நிமிட வேலை. அப்புறம் நேரே வீட்டு வேலையோ ஆபீஸோ பார்க்கலாம். ஒரு துளி ரத்தக்கசிவு வந்தால் பயப்பட வேண்டாம்.

படி 5: முடிவைப் படிப்பது

லேபுக்கு மாதிரி கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வாங்கவே வராதவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என்றைக்கு வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாப் ரிப்போர்ட்டில் என்.ஐ.எல்.எம். என்று இருந்தால் புற்றின் அறிகுறி எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். “இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்” என்ற வரியைப் பார்த்து நடுங்குகிறவர்கள் அதிகம். அது அழற்சி, புற்று இல்லை. வெள்ளைப்படுதலோ அரிப்போ இருந்தால் மருந்து கொடுப்பார்கள். “அன்சாட்டிஸ்ஃபேக்டரி” என்றால் மாதிரி சரியாகக் கிடைக்கவில்லை, திரும்ப எடுக்க வேண்டும். எச்.எஸ்.ஐ.எல். என்று இருந்தால் செல்கள் தீவிரமாக மாறியிருக்கின்றன என்று அர்த்தம், தாமதமே கூடாது.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்றதும் வீட்டில் சண்டை வேண்டாம். உறவில் இருக்கும் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது வந்துபோகும் வைரஸ் அது. பல வருடம் முன்பு தொற்றியது இப்போதுதான் தெரியவரலாம். கணவன் மேலோ மனைவி மேலோ சந்தேகப்பட இது சாட்சி ஆகாது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும்.

வி.ஐ.ஏ. பாசிட்டிவும் புற்று என்று அர்த்தமில்லை. அடுத்து கால்போஸ்கோபி, அதாவது பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது. தேவைப்பட்டால் கடுகளவு சதை எடுத்துச் சோதிப்பார்கள். மாற்றம் இருந்தால் அந்த இடத்தை உறைய வைத்தோ சூடு வைத்தோ நீக்கிவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. அதன் பிறகு சில வாரம் தண்ணீர்போல வெள்ளை போகும், ஒரு மாதம் உறவு வேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அரிசி டப்பாவுக்கடியில் கிடந்தால் செய்த பரிசோதனையால் ஒரு பயனும் இல்லை. பஸ் செலவு, கூலி போகும், கூட வர ஆளில்லை, இதெல்லாம் உண்மையான கஷ்டங்கள்தான். தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அந்த வாரமே போய்விடுங்கள். உங்கள் அத்தைக்கோ அண்ணிக்கோ அப்படிச் சீட்டு கிடைத்திருந்தால் கூட வருகிறவர் நீங்களாக இருங்கள்.

படி 6: அடுத்த தேதி

நார்மல் என்று வந்தால் வி.ஐ.ஏ., எச்.பி.வி. இரண்டுக்கும் ஐந்து வருடம், பாப் ஸ்மியருக்கு மூன்று வருடம். சிகிச்சை எடுத்தவர்கள் ஒரு வருடத்தில் மறுபடி வர வேண்டும். ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் பையிலேயே போட்டு, மேலே அடுத்த வருடத்தை எழுதிவையுங்கள்.

மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 9 முதல் 14 வயது நல்ல பருவம். ஆனால் ஊசி எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுப்பதில்லை. ஊசி போட்ட பெண்ணும் 30 வயதானால் இந்த மேஜைக்கு வர வேண்டும்.