பழைய டெஸ்க்டாப் மெதுவாக ஓடுகிறதா? ரேம் வாங்கும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டாக வாங்கிய கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு ஓடினால் பலரும் முதலில் ரேம் வாங்கிப் போடுகிறார்கள். அது தேவைதானா என்பதைச் செலவில்லாமலே கண்டுபிடிக்கலாம்.

படி 1: எங்கே அடைக்கிறது?

கம்ப்யூட்டரை ஆன் செய்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு (பிராசஸர்) சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நின்றால் கோளாறு ஹார்ட் டிஸ்க்கில்தான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க்குக்கும் ஒரு ஃபைலைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகும். விண்டோஸோ கிளம்பும்போதே ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. மெமரியும் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், ரேம் பற்றாமல் டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்துகிறது என்று பொருள். அப்போது இரண்டையும் கவனிக்க வேண்டும்.

அப்படியே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் வேறெதையும் தொடும் முன் ஃபைல்களை நகலெடுங்கள். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் வேலை) ஓட்டவே கூடாது.

படி 2: எஸ்எஸ்டி மாட்டுதல்

கோளாறு டிஸ்க்கில்தான் என்றால், சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். சாட்டா கேபிளில் இணையும் 2.5 இன்ச் எஸ்எஸ்டி, 240 ஜிபி போதும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் உலோகத்தைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் ஸ்க்ரூ எஸ்எஸ்டிக்குப் பொருந்தாது. அழுத்தித் திருகினால் மரை கெட்டுவிடும். எஸ்எஸ்டிக்கு எம்3 ஸ்க்ரூ வேண்டும்.

படி 3: விண்டோஸைப் புதிதாகப் போடுதல்

முன்பு வைத்திருந்தவர் என்னென்ன ஏற்றினார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே பழையதை குளோன் செய்யாதீர்கள், அதாவது அப்படியே நகலெடுக்காதீர்கள். 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலர் தயார் செய்து புதிதாகவே போடுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள்: இன்ஸ்டால் செய்யும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். அது இணைந்திருந்தால் பூட் ஃபைல்கள் அதிலேயே போய் உட்காரலாம்; பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றிய அன்றைக்குக் கம்ப்யூட்டர் கிளம்பாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) சாட்டா மோட், அதாவது டிஸ்க்குடன் பேசும் முறை, பழைய ஐடிஇ என்று இருந்தால், இன்ஸ்டால் தொடங்கும் முன்பே புதிய முறையான ஏஹெச்சிஐ ஆக்குங்கள். பின்னால் மாற்றினால் நீலத்திரை வரும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய பிராசஸர் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம். பிரவுசர், ஆபீஸ் வேலைகளுக்கு அது தாராளம்.

படி 4: ரேம்

4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். ரேம் வகை பார்த்து வாங்குங்கள்: டிடிஆர்3-இல் 240 பின், டிடிஆர்4-இல் 288. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று ஏறாது. மலிவாகக் கிடைக்கும் ரிஜிஸ்டர்டு சர்வர் ரேம் சாதாரண போர்டில் வேலை செய்யாது, ஏமாறாதீர்கள். 8 ஜிபி போட்டும் 4-க்குக் குறைவாகவே காட்டினால் 32-பிட் விண்டோஸ் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

படி 5: தூசும் பேட்டரியும்

ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். பிடிக்காவிட்டால் வேகமாகச் சுழன்று பேரிங் கெடலாம். பிராசஸர் மேல் காய்ந்துபோன, வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். சூடேறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போகிறதென்றால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அது தீர்ந்துபோனால் நீங்கள் செய்த பயாஸ் மாற்றமும் அழிந்துவிடும். தேதி தவறினால் இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டித் திறக்க மறுக்கும்.