இசட் புள்ளி வந்தாச்சு, இனி விருப்பப் பட்டியல்: வன்னி மாணவர்களுக்கான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் ஊரில் எல்லாரும் கேட்பது "எத்தனை ஏ?" என்றுதான். பல்கலைக்கழகத்துக்கு ஆளைத் தெரிவுசெய்யும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. ஒரே தடவையில் மூன்று பாடமும் சித்தியா, பொதுச் சாதாரணப் பரீட்சையில் (Common General Test, சாதாரண தரம் அல்ல) 30 புள்ளி இருக்கிறதா, அந்தக் கற்கைநெறி கேட்கும் பாடங்களைப் படித்தவரா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வரிசையைத் தீர்மானிப்பது இசட் புள்ளியும் மாவட்டமும்தான்.

2001 பரீட்சையிலிருந்து நடைமுறையில் இருக்கும் இசட் புள்ளி, உங்கள் புள்ளியை அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாரோடும் ஒப்பிடுகிறது. புள்ளியிலிருந்து இடையை (எல்லாரின் சராசரியை) கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால்) வகுப்பார்கள். கற்பனையாக ஒரு கணக்கு: உயிரியலில் 70, இடை 50, நியம விலகல் 15 என்றால் 1.3333. இரசாயனவியலில் 62, இடை 38, விலகல் 16 என்றால் 1.5000. பௌதிகவியலில் 58, இடை 46, விலகல் 12 என்றால் 1.0000. மூன்றின் சராசரி 1.2778. எட்டுப் புள்ளி குறைவாக எடுத்த இரசாயனவியல்தான் இங்கே உயிரியலை விட அதிகம் தூக்கியிருக்கிறது. மூன்று ஏ எடுத்தவரை இரண்டு ஏ, ஒரு பி எடுத்தவர் முந்துவதும் இதனால்தான்.

அடுத்தது மாவட்டம். மாவட்ட அடிப்படை உள்ள கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் 25 நிர்வாக மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்த 16க்குள் இருக்கின்றன. வன்னித் தேர்தல் மாவட்டத்தை இதோடு குழப்ப வேண்டாம். அதில் கிளிநொச்சி இல்லை, அனுமதியிலோ நான்கும் தனித்தனி மாவட்டங்கள், நான்குக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி (கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி).

கோட்டா (மாவட்ட ஒதுக்கீடு) என்றவுடன் பெரிய கதவு திறந்திருப்பதாக நினைத்துவிடுகிறோம். முல்லைத்தீவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கே 92,000 சொச்சம் பேர், நாட்டில் 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். அரை வீதம்கூட இல்லை. நாடு முழுவதும் 1000 இடங்கள் உள்ள ஒரு கற்கைநெறியில் மாவட்டங்களுக்கான 550இல் முல்லைத்தீவின் பங்கு இரண்டரை. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50இல் கிடைப்பது அரை. ஆக மொத்தம் மூன்று பேர். அந்த மூன்றாவது ஆளின் புள்ளிதான் அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று திறமை அடிப்படையில் போய்விட்டால் கோட்டா அப்படியே மற்றவர்களுக்கு மிஞ்சும். ஒருவர் வேறு துறையை மேலே போட்டால் நாலாவது ஆள் உள்ளே வருவார். சின்ன மாவட்டங்களின் வெட்டுப்புள்ளி ஆண்டுக்காண்டு துள்ளுவதன் காரணம் இதுதான். போன வருட வெட்டுப்புள்ளியைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு "இதுக்கு மேல வந்தா கிடைக்கும்" என்று நம்புவது கொழும்பு, கம்பஹாவுக்கு ஓரளவு சரிவரலாம், முல்லைத்தீவுக்கோ மன்னாருக்கோ சரிவராது.

உங்கள் மாவட்டம் எது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அடையாள அட்டையில் உள்ள விலாசம் மட்டும் போதாது. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பது முக்கியம். சாதாரண தரம் வரை கிளிநொச்சியில் படித்துவிட்டு, "நல்ல ரியூசன் இருக்கு" என்று உயர்தரத்துக்கு யாழ்ப்பாணம் போகிறவர் இதை யோசித்துவிட்டுப் போக வேண்டும். ரியூசனுக்குப் போவதால் மாவட்டம் மாறாது, பாடசாலையை மாற்றினால் மாறக்கூடும். இரண்டு மாவட்டங்களில் படித்தவர்களுக்கான விதி ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் தனியாக இருக்கிறது. விடுகைப் பத்திரம் எடுக்கும் முன் அதை வாசியுங்கள், எடுத்த பிறகு வாசித்துப் பயனில்லை.

இனி விருப்பப் பட்டியல், அதாவது விரும்பும் கற்கைநெறிகளை வரிசையாக விண்ணப்பத்தில் எழுதுவது. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு யுனி கோட் உண்டு. இலக்கம் கற்கைநெறி, பின்னால் வரும் எழுத்து பல்கலைக்கழகம். மருத்துவம் 001, எழுத்து மாறினால் ஊர் மாறும். ஓர் எழுத்துத் தவறினால் யாழ்ப்பாணம் என்று நினைத்தவருக்கு றுகுணு வந்து நிற்கும். தட்டச்சுச் செய்தவரைத் தவிர இன்னொருவர் கைந்நூலை வைத்து ஒவ்வொரு யுனி கோட்டாக உரத்து வாசித்துச் சரிபார்க்கட்டும்.

ஒழுங்கைப் பற்றி எங்கள் கருத்து உறுதியானது: கிடைக்கும் வாய்ப்பைப் பார்த்துப் போடாதீர்கள், விருப்பத்தைப் பார்த்துப் போடுங்கள். தெரிவு மேலிருந்து கீழே வருகிறது. முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள். எட்டாத ஒன்றை மேலே போட்டதற்காக இரண்டாவதில் உங்கள் இடம் பின்தள்ளப்படாது. ஆனால் ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே எழுதிய எல்லாம் அத்தோடு முடிந்தது. "இது நிச்சயம் கிடைக்கும்" என்று விவசாயத்தை முதலில் போட்டுவிட்டு, பிறகு மருத்துவ வெட்டுப்புள்ளி இறங்கியதைப் பார்த்து அழுவது வருடா வருடம் நடக்கிறது. மற்றப் பக்கத் தவறு, ஐந்தாறு யுனி கோட்டோடு பட்டியலை நிறுத்துவது. புள்ளி நடுத்தரமாக இருந்தால் தகுதியுள்ள எல்லாவற்றையும் கீழே சேருங்கள். ஆனால் கிடைத்தால் போகவே மாட்டேன் என்பதைச் சேர்க்காதீர்கள்.

பட்டியல் போடும்போது வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாயம், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. முன்பு அதன் வளாகமாக இருந்த வவுனியா, 2021 ஓகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்கள். வாடகையும் பஸ் காசும் மிச்சப்படுவது சின்ன விசயமல்ல.

சங்கீதம், நடனம், கட்டடக்கலை போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை அல்லது செயன்முறைப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், முடிவுத் திகதியும் வேறு. பரீட்சையில் சித்தியடைந்தும் ஆணைக்குழுவின் படிவத்தில் அந்த யுனி கோட்டை எழுதாவிட்டால் இடம் இல்லை.

விண்ணப்பம் இணையவழி. தொடர்பாடல் நிலையத்தில் போய் நிரப்புவதில் குற்றமில்லை, ஆனால் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையவையாக இருக்கட்டும். கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்தவர்களுக்குத் தெரிவு அறிவித்தல் கடைக்காரரிடம்தான் போகும். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள், அடுத்த ஆண்டுவரை சிம்மை மாற்றாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சை அனுமதி அட்டை மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்களில் பிரதி எடுத்தபோது தலைப்பெழுத்தோ எழுத்துக்கூட்டலோ மாறியிருப்பது வழமை. வேறுபட்டால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பெறுபேறு வருமுன்பே திருத்த வேலையைத் தொடங்குங்கள், ஏனென்றால் விண்ணப்பக் காலம் குறுகியது. மீள்திருத்தம் கேட்டவர்களும் அதன் முடிவுக்காகக் காத்திராமல் இருக்கிற பெறுபேற்றோடு விண்ணப்பித்துவிட வேண்டும்.

தெரிவானபின் குறித்த நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் இடம் போய்விடும். வெற்றிட நிரப்பலில் உங்கள் பட்டியலில் மேலே இருப்பவைதான் பார்க்கப்படும். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். இரண்டாம் தடவையில் ஓரிடம் கிடைத்து, மூன்றாவதில் மெடிசின் பார்க்கலாமா என்று தடுமாறுகிறவர்கள், பதிவு செய்தபின் மறுபடி விண்ணப்பிக்கத் தடை வருவதை முதலில் கைந்நூலில் வாசித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

பல்கலைக்கழகம் எட்டாதவர்களுக்குக் கல்வியியற் கல்லூரியும் தாதியர் பயிற்சியும் இருக்கின்றன. இரண்டுக்கும் வர்த்தமானியில்தான் விண்ணப்பம் கோருவார்கள், ஆணைக்குழுவின் படிவத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கைத்தொழில் பக்கம் விருப்பமுள்ளவருக்கு அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அங்கே இசட் புள்ளியே தேவையில்லை.