பார்ட் மாத்துறதுக்கு முன்னாடி காரணத்தைப் பாருங்க: பழைய டீசல் லாரியில நாம பண்ற தப்புகள்

பின் ஹப்புல ஆயில் ஒழுகுதுன்னு ஒரு பழைய டிப்பர் எங்க கைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி வேற இடத்துல மூணு தடவை ஆயில் சீல் மாத்தியாச்சு, ஒரு தடவை பேரிங்கும் சேர்த்து மாத்தியாச்சு, பிரேக் லைனிங் ஆயில்ல ஊறி வீணாப்போனது தனிக் கணக்கு. டிரம்மைக் கழட்டுறதுக்கு முன்னாடி கிரவுன் ஹவுசிங் (பின் ஆக்சில் நடுவுல பல்சக்கரங்கள் இருக்குற கூடு) மேல கைய விட்டுத் தடவிப் பாத்தேன். அங்க சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பிரீதர், அதாவது உள்காத்து வெளிய போற வழி, இருக்கும், அது இருக்குற இடமே தெரியாம கிரீஸும் மண்ணும் சேர்ந்து காஞ்சு கல்லு மாதிரி மூடிக் கிடந்துச்சு. வண்டி ஓடும்போது ஹவுசிங் சூடாகி உள்ள இருக்குற காத்து விரியும், அது வெளிய போக வழி இல்லன்னா ஆயிலைத் தள்ளிக்கிட்டு சீல் வழியாத்தான் வரும், எத்தனை புது சீல் போட்டாலும் வரும். பிரீதரைக் கழட்டி டீசல்ல ஊறவச்சு கம்பி விட்டுக் குத்தி ஏர் அடிச்சு மாட்டினோம், கூடவே ஒரு சீல், அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த ஹப்பு நனையவே இல்ல.

பழைய வண்டியில நாம பண்ற தப்புல பாதி இந்த ரகம்தான். எது போச்சோ அதை மாத்துறோம், ஏன் போச்சுன்னு பாக்குறதில்ல. டர்போவும் (என்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புறது) அப்படித்தான், டர்போ ஆயில் கக்குதுன்னு புது டர்போ போடுறாங்க, ஆனா என்ஜின் பிரீதர் அடைச்சிருந்தாலோ டர்போவுல இருந்து ஆயில் சம்ப்புக்கு (என்ஜின் அடியில இருக்குற ஆயில் தொட்டி) திரும்புற பைப் நசுங்கியிருந்தாலோ கரி கட்டியிருந்தாலோ புதுசும் கக்கத்தான் செய்யும்.

அடுத்தது தெர்மோஸ்டாட், என்ஜின் சூடானதும் திறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு விடுற வால்வு. வண்டி சூடாகுதுன்னா முதல் வேலையா அதைக் கழட்டி வீசிட்டு ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, இதுல எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏன்னா இது நல்ல என்ஜினை மெதுவா சாகடிக்கிற வேலை. டீசல் என்ஜின் 80 டிகிரி பக்கத்துல ஓடணும்னுதான் செஞ்சிருக்காங்க, குளிர்ச்சியாவே ஓடினா டீசல் முழுசா எரியாது, எரியாத டீசல் லைனர் (பிஸ்டன் உள்ள ஓடுற உருளை) சுவத்துல இருக்குற ஆயில் படலத்தைக் கழுவிட்டு சம்ப்புல இறங்கும், பிஸ்டன் ரிங் தேயும், ஆயில் நீர்த்துப்போகும். இன்னொண்ணு பலருக்குத் தெரியாது, நிறைய என்ஜின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழிய மூடுற மாதிரி அமைப்பு இருக்கும், அதைக் கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம என்ஜினுக்குள்ளயே பாதி சுத்தும், லோடுல மேடு ஏறும்போது முன்னைவிட அதிகமா சூடாகும். சூட்டுக்குக் காரணம் ரேடியேட்டர் அடைப்பா, ஃபேன் பெல்ட் தளர்வா, ரேடியேட்டர் மூடியோட ஸ்பிரிங் செத்துப்போச்சான்னு பாருங்க, தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்துல வெந்நீர்ல போட்டு அது திறக்குதான்னும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஒரேயடியா சூடாகி நின்ன என்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, ஹெட் விரிசல் விட்டுடும், சூடா இருக்கும்போது மூடியத் திறந்தா முகம் வெந்துடும்.

கூலன்ட் விஷயத்துல கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன். தண்ணி தானே, எந்தத் தண்ணி ஊத்தினா என்னன்னு நினைக்கிறோம். கனரக டீசல் என்ஜின் பலதுல வெட் லைனர், அதாவது கூலன்ட் நேரா லைனரோட வெளிச் சுவத்தைத் தொட்டுக்கிட்டு ஓடும். ஒவ்வொரு தடவை டீசல் வெடிக்கும்போதும் லைனர் மணி அடிச்ச மாதிரி அதிரும், அந்த அதிர்வுல வெளிப்பக்கம் நுண்ணிய குமிழ் உண்டாகி உடனே உடையும், உடையும்போது இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமா கொத்தி எடுக்கும். பச்சைத் தண்ணியில ரொம்ப நாள் ஓடின ஒரு என்ஜினைப் பிரிச்சப்ப ஒரு லைனரைக் கையில எடுத்துப் பாத்தேன், உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு, வெளிப்பக்கம் ஒரே ஓரத்துல மட்டும் செல்லு அரிச்ச பலகை மாதிரி வரிசையா ஓட்டை, அதுல ஒண்ணு குண்டூசி நுழையற அளவுக்கு உள்ள வரைக்கும் போயிருச்சு, அது வழியாத்தான் ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. ஆனா அந்த வண்டிக்கு அதுக்கு முன்னாடி ஹெட் கேஸ்கட்தான் ரெண்டு தடவை மாத்தியிருந்தாங்க. கனரக டீசலுக்குன்னு வர்ற கூலன்ட்ல இருக்குற மருந்து லைனர் மேல மெல்லிய படலம் போட்டு இந்த அரிப்பைத் தடுக்கும், அதனால அதையும் சுத்திகரிச்ச தண்ணியையும் கலந்து ஊத்துங்க, பாதிக்குப் பாதி பெரும்பாலும் சரியா இருக்கும், குறையும்போதெல்லாம் வெறும் தண்ணிய ஊத்தி மருந்தை நீர்த்துப்போக விடாதீங்க.

ஆயில் கறுத்துருச்சுன்னு பயப்படாதீங்க, டீசல்ல அது ஊத்தின கொஞ்ச நாள்லயே கறுக்கும், கரிய ஆயில் தன்னுள்ள இழுத்து வச்சுக்குதுன்னு அர்த்தம். பயப்பட வேண்டியது வேற ரெண்டு. டிப்ஸ்டிக்ல பால் ஊத்தின காபி நிறம் தெரிஞ்சா தண்ணி. அளவு குறையாம கூடிக்கிட்டே போனா, விரல்ல தேய்ச்சா வழவழப்பு இல்லாம டீசல் வாசனை வந்தா, டீசல் உள்ள இறங்குது, ஃபீட் பம்ப் டயாஃபிராம் கிழிஞ்சிருக்கலாம், இன்ஜெக்‌ஷன் பம்ப் சீல் போயிருக்கலாம், நாசில் (டீசலைத் தெளிக்கிற முனை) ஒழுகலாம். வண்டி ஆயிலே குடிக்கலன்னு சந்தோஷப்பட்டு ஓட்டிக்கிட்டே இருந்தா பேரிங் போயிடும். டர்போ வண்டின்னா லோடு இழுத்துட்டு வந்து நின்ன உடனே ஆஃப் பண்ணாதீங்க, ஓட்டத்துல நிமிஷத்துக்கு 1 லட்சம் சுத்து வரைக்கும் சுத்துற ஷாஃப்ட் அது, 2 இல்ல 3 நிமிஷம் ஐடில்ல விட்டீங்கன்னா ஆயில் ஓடி சூட்டை எடுத்துட்டுப் போயிடும், இல்லன்னா அந்த ஆயில் அங்கயே கருகிக் கரியாகும்.

ஏர் ஃபில்டரைத் தினமும் கழட்டி ஏர் அடிக்கிறது நல்ல பழக்கம்னு நினைக்கிறோம், அது கெடுதல். அதிக அழுத்தத்துல அடிச்சா பேப்பர்ல கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், கழட்டுற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்துக்கு விழும், அந்தத் தூசி ஆயிலோட சேர்ந்தா ரிங்குக்கும் லைனருக்கும் நடுவுல உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அடைப்புக் காட்டுற இண்டிகேட்டர் இருந்தா அது சிவப்பு காட்டும்போது தொடுங்க. உள்ள இருக்குற சின்ன எலிமென்ட்டை ஏர் அடிச்சு திரும்பப் போடவே கூடாது, மாத்தத்தான் வேணும். ஃபில்டர்ல இருந்து டர்போவுக்குப் போற ஹோஸ் வெடிச்சு கிளிப் தளர்ந்து கிடந்தா புது ஃபில்டர் போட்டும் பிரயோஜனம் இல்ல.

டீசல் ஃபில்டர் மாத்தும்போது ஏர் எடுக்குற (லைன்ல சிக்கின காத்தை வெளியேத்துற) வேலை மிச்சமாகட்டும்னு கேன்ல இருக்குற டீசலை நடு ஓட்டையில ஊத்துறாங்க, நிறைய ஃபில்டர்ல அந்த நடு ஓட்டைதான் சுத்தமான பக்கம், அதுல ஊத்தின அழுக்கு நேரா பம்புக்குப் போகும். பம்ப் உள்ள இருக்குற பிளஞ்சருக்கும் (டீசலை அழுத்துற தண்டு) அதோட கூட்டுக்கும் நடுவுல இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன் இருக்கும், கணக்குப் பாத்துக்கோங்க. ஃபில்டரைக் காலியா மாட்டி ஹேண்ட் பம்ப் அடிச்சு ஏர் எடுங்க, வாட்டர் செபரேட்டர் இருந்தா தண்ணிய விட மறக்காதீங்க. அப்புறம் இழுவை பத்தலன்னு பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசல் ஏத்துற பழக்கம், கரும்புகை தள்ளும், கொஞ்ச நாள் இழுக்குற மாதிரி இருக்கும், அதோட பிஸ்டன் மேல சூடு ஏறி ஒரு நாள் உருகும். இழுவை குறைஞ்சா ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டாப்பெட் கேப் (வால்வு இடைவெளி), நாசில், பூஸ்ட் ஹோஸ் (டர்போ அழுத்துற காத்து போற குழாய்), இந்த வரிசையில பாத்துட்டு கடைசியாத்தான் பம்புக்கு வரணும்.

எலக்ட்ரிக்கல்ல ஒண்ணே ஒண்ணு சொல்றேன். 24 வோல்ட் வண்டியில ரெண்டு பேட்டரி வரிசையா இருக்கும், பாட்டுக்கும் சார்ஜருக்கும் ஒரே பேட்டரியில இருந்து 12 வோல்ட் இழுத்தா அது எப்பவும் பசியோட கிடக்கும், இன்னொண்ணு அதிக சார்ஜ்ல கொதிக்கும், ரெண்டும் சீக்கிரம் சாகும். 24-ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் போடுங்க, பேட்டரி மாத்தினா ஜோடியா மாத்துங்க.

ஜாயிண்ட், அதாவது கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற ஷாஃப்ட், கழட்டும்போது மார்க் போடாம கழட்டுறது சின்னத் தப்பு மாதிரி தெரியும். ஸ்பிளைன்ல ஒரு பல்லு மாறி மாட்டிட்டா ரெண்டு முனை யோக்கும் (கவை மாதிரி முனை) ஒரே நேர்ல நிக்காது, வண்டி அதிரும், யோக்குகளை இணைக்கிற கிராஸ் போகும், சென்டர் பேரிங் போகும், கியர் பாக்ஸ் பின் சீல் ஒழுகும், எல்லாத்தையும் தனித்தனியா மாத்திக்கிட்டே இருப்போம். அதே மாதிரி உடைஞ்ச கமான் பட்டைய வெல்டிங் வச்சு போடாதீங்க, பதம் போட்ட ஸ்டீல் அது, வெல்டிங் சூட்டுல பதம் போய் பக்கத்துலயே உடையும். கமான் பட்டைய ஆக்சிலோட பிடிக்கிற யூ போல்ட்டைக் கழட்டினா திரும்பப் போடாதீங்க, அது ஏற்கனவே நீண்டிருக்கும். சக்கரம் கழட்டி மாட்டினா 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டை மறுபடி முறுக்கணும், நட்டுல இருந்து துரு கோடு கோடா இறங்கியிருந்தா அது தளர்ந்திருக்குன்னு வண்டியே சொல்லுது.

இனி சொல்றது வண்டியப் பத்தி இல்ல, உங்க உயிரப் பத்தி.

டீசல் பைப்ல கசிவு எங்கன்னு என்ஜின் ஓடும்போது கையால தடவிப் பாக்காதீங்க. லாரி டயர்ல இருக்குறது 8 பார் பக்கம், பழைய என்ஜின் நாசில் திறக்குறதே 200 பார் பக்கத்துல, அந்த வேகத்துல வர்ற டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ள இறங்கும், வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், வலி கூட முதல்ல பெருசா இருக்காது, ஆனா உடனே ஆபரேஷன் பண்ணலன்னா விரலே போகலாம். ஒரு அட்டைய நீட்டிப் பாருங்க, நனைஞ்சா தெரிஞ்சிடும்.

ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங் சேம்பரோட கிளாம்பைக் கழட்டாதீங்க, உள்ள அமுங்கி இருக்குற ஸ்பிரிங் விடுபட்டா மூடி குண்டு மாதிரி பறக்கும், பக்கத்துல நின்ன ஆளு பிழைக்கிறது கஷ்டம். கேஜிங் போல்ட் போட்டு ஸ்பிரிங்கை அடக்கிட்டு மொத்த சேம்பரையும் மாத்துங்க, பழசைத் தூக்கிப்போடும்போதும் அந்த போல்ட் அதுலயே இருக்கட்டும். ஏர் டேங்க் தண்ணிய தினமும் விடுங்க, தண்ணியோட ஆயிலும் நிறைய வந்தா கம்ப்ரசர் ரிங் தேஞ்சிருக்கு, வால்வை மாத்தி மாத்திப் பாத்துப் புண்ணியமில்ல.

லாக் ரிங் (டயர் கழண்டு வராம பிடிக்கிற இரும்பு வளையம்) போட்ட பழைய ரிம்ல காத்து அடிக்கும்போது கூண்டுக்குள்ள வச்சுத்தான் அடிக்கணும். ரிங் சரியா உக்காரலன்னு காத்து இருக்கும்போதே சுத்தியால தட்டாதீங்க, முழுக் காத்தையும் இறக்குங்க, வால்வ் பின்னையும் கழட்டுங்க, அப்புறம் தொடுங்க. துரு அரிச்ச ரிங், வளைஞ்ச ரிங், வேற ரிம்மோட ரிங், எதையும் சமாளிச்சுப் போட வேண்டாம்.

டிப்பர் பாடியத் தூக்கி வச்சுட்டு அடியில போற முன்னாடி முட்டுக்கட்டைய நிறுத்துங்க, அதுவும் காலி பாடியாத்தான் இருக்கணும், ஹைட்ராலிக் பிடிச்சிருக்குங்கிறதை நம்பாதீங்க, ஒரு ஹோஸ் வெடிச்சா போதும், இல்ல யாராவது கேபின்ல ஏறி தெரியாம லீவரைத் தொட்டா போதும். ரெண்டு நிமிஷ வேலைதான், ஒரு கிரீஸ் நிப்பிள்தான்னாலும் சாவிய எடுத்து உங்க பாக்கெட்ல போட்டுக்கிட்டு அப்புறம் குனிங்க.