பள்ளத்துக் கருமணலில் தாது தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மழை விட்ட மறுநாள் பள்ளத்து (ஓடை) மணலில் காந்தத்தைக் கயிறு கட்டி இழுத்தால் மீசை மாதிரி கருமணல் ஒட்டிக்கொண்டு வரும். நம்ம பக்கத்துப் பிள்ளைகளின் அந்த விளையாட்டுத்தான் தாது தேடலிலும் முதல் படி. மேலே சிதையும் பாறையிலிருந்து மேக்னடைட் என்ற, காந்தம் இழுக்கும் இரும்புக் கனிமத்தின் துகள் ஓடையில் இறங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டு பிறந்த பாறைக்கு ஏறிப் போக வேண்டும்.

நிறைய ஒட்டிவிட்டது, மேலே தாது இருக்கிறது என்று துள்ளுவதுதான் பெரிய தவறு. நம் குன்றுகளின் சாதாரணப் பாறையான சார்னோக்கைட்டிலேயே மேக்னடைட் உண்டு. போதாக்குறைக்கு மேக்னடைட்டின் அடர்த்தி 5.2, சாதாரண மணலான குவார்ட்ஸுக்கு 2.65. நீரோட்டம் தளரும் இடத்தில் மேக்னடைட் தங்கிவிடும். ஒரே பள்ளத்தில் பாறாங்கல்லுக்குப் பின்னால் ஒரு பிடி, நடுவோட்டத்தில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். வேறு வேறு ஊர் மணல் போலிருக்கும். அளவு தண்ணீரின் கதையையே அதிகம் சொல்லும். பாறையின் கதை துகளுக்குள் கலந்திருக்கும் தனிமங்களில் இருக்கிறது. சேலம் பக்கத்துக் கஞ்சமலை போன்ற, இரும்பும் குவார்ட்ஸும் பட்டை பட்டையாக அடுக்கிய பாறையின் மேக்னடைட்டில் டைட்டானியம் சொற்பம். பூமிக்கடியில் பாறைக்குழம்பு உறைந்த கருநிற கப்ரோ வகைப் பாறையிலிருந்து வந்ததில் டைட்டானியமும் வனேடியமும் கூடுதல். அதை எலக்ட்ரான் புரோப் என்ற ஆய்வகக் கருவிதான் காட்டும், காந்தம் காட்டாது.

காந்தத்துக்கு மலை, பட்டறை என்ற பேதமும் கிடையாது. கோவைக்குக் கிழக்கே ஒருமுறை அள்ளிய மணலில் பளபளவென்று குட்டிக் குண்டுகள். அரைநாள் பூரித்துப்போய் இருந்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெல்டிங் பொறி, கூடவே லேத் சுருள்! பழங்கால இரும்பு உருக்கிய ஊரான கொடுமணல் பக்கமானால் 2000 ஆண்டுக்கு முந்தைய இரும்புக் கசடும் சேரலாம். ரோடு, பாலம், பட்டறைக்கு மேற்புறம் போய் அள்ளுங்கள்.

காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றாமல் மணலில் விடுவது சின்னத் தவறு. துகளைப் பிரித்தெடுக்கவே பாதிநாள் போய்விடும்.

ஒட்டாததைக் கொட்டிவிடுவது சின்னத் தவறல்ல. வெயிலிலும் மழையிலும் மேக்னடைட் ஹேமடைட் என்ற வேறோர் இரும்புக் கனிமமாக மாறினால் ஈர்ப்பு மங்கிவிடும். நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியின் குரோமியத் தாதுவான குரோமைட்டைக் கைக்காந்தம் பெரும்பாலும் தூக்காது. தங்கத்தைத் தொடவே தொடாது. மிச்ச மணலையும் தனிப் பையில் போட்டு, ஒட்டியதன் பையில் எழுதிய அதே எண்ணை எழுதி வையுங்கள்.